மூன்றாம் ஓலை

அந்த ஒரு டைல்ஸ் மட்டும் சுவரில் நிற்க மாட்டேன் என்றது.

புனித ஒதிலியா கோயிலின் இடப்பக்கச் சுவர், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கம், தரையிலிருந்து ஏழாவது வரிசை. வலேர் ஒங்கேனே அதை வெள்ளிக்கிழமை ஒட்டினார். சனிக்கிழமை ஒட்டினார். திங்கட்கிழமை காலையில் பசையை இன்னும் கெட்டியாகக் குழைத்து, நாலு மூலையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது அது கீழே இருந்தது. விழுந்திருக்கவில்லை, இருந்தது. நெஞ்சு உயரத்திலிருந்து விழுந்த பீங்கான் பில்லைக்கு ஒரு மூலையாவது உடைய வேண்டாமா. யாரோ இரண்டு கையாலும் எடுத்துப் பக்குவமாகக் கிடத்தியதுபோல, பளபளக்கும் முகம் மேலே பார்க்க, கூரையின் நிழலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கிடந்தது.

வலேர் தலைநகர் யாவுண்டேயில் முப்பத்தைந்து வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். நாலு மந்திரிகள் அவர் போட்ட குளியலறைகளில் குளித்திருக்கிறார்கள். இரண்டு பேர் அதே குளியலறைகளில் ஒளிந்தும் இருந்திருக்கிறார்கள். அவர் ஒட்டியதைப் பெயர்க்க இடி விழ வேண்டும் என்பார். இடி விழுந்தும் பெயரவில்லை, இடிதான் பெயர்ந்துபோனது என்று அவருடைய கூட்டாளி சக்கரி கொஞ்சம் கூட்டிச் சொல்வான்.

இப்போது சக்கரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"என்ன மாப்பிள்ளே, கல்யாண நெனப்புல பசைக்குப் பதிலா மரவள்ளி மாவைக் கொழச்சிட்டியா."

"கல்லு ஈரமா இருக்கு."

"எந்தக் கல்லு? சுத்தியும் காஞ்சு கெடக்கு. இது ஒண்ணு மட்டும் ஒண்ணுக்குப் போயிருக்கா?"

வலேர் விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு செங்கல் ஈரமாகத்தான் இருந்தது. காளவாயில் வெந்த கல் அல்ல, இன்று காலை அச்சிலிருந்து கவிழ்த்துப்போட்ட பச்சை மண்போல. அதன் நடுவில் ஒரு கை பதிந்திருந்தது. சின்னக் கை. பதினான்கு வயதுப் பெண்ணின் கை.

அந்தச் சுவர் முழுவதும் கைகள்தான். நூறு வருடத்துக்கு முன்பு சாம்பாக் குன்றின் மேல் இந்தக் கோயிலைக் கட்டியபோது கல் அறுத்தது சிக்ஸாப் பெண்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டடியில் அடைத்து, காலையில் செபம், மாலையில் செபம், நடுவில் வெயில் முழுவதும் செங்கல் என்று சாமியார்கள் வைத்திருந்த ஏற்பாட்டுக்கு சிக்ஸா என்று பெயர். ஒவ்வொருத்தியும் ஒரு கல்லில் தன் உள்ளங்கையைப் பதிப்பாள். கீழே மடத்துக் கன்னியாஸ்திரி ஆணியால் அவள் பெயரைக் கீறுவார். கட்டிக்கொள்ளப்போகிறவன் ஒருநாள் வருவான். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, பெயரை மூன்று தடவை சொல்லி, "என்னுடையவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன்" என்பான். உள்ளேயிருந்து அவள் யாரென்று கேட்பாள். அவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கொட்டடிக் கதவு திறக்கும்.

சிக்ஸா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. வாசகம் போகவில்லை. சந்தையில் வாயடித்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டியை இழுத்துப்போக வருகிற எந்தக் கணவனும் கடையின் பலகையில் கையை வைத்து, பெயரை மூன்று தடவை சொல்லி, இதே வசனத்தைப் பேசுவான். சந்தையே சிரிக்கும். சொல்லாத ஆம்பளை அந்த ஊரில் கிடையாது.

கோயில் சுவரில் கையை வைத்து மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

வலேர் போன வியாழக்கிழமை அதைச் சொன்னார். ஒட்டும் முன் சுவரில் பொந்து இருக்கிறதா என்று உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வருவது அவர் வழக்கம். ஒரு கையின் மேல் கை சரியாக விழுந்தது. கீழே பெயர் தெளிவாக இருந்தது, அப்போலின். தூணுக்குப் பின்னால் சக்கரி இருக்கிறான் என்ற நினைப்பில், அவனைச் சிரிக்க வைக்க, மூன்று தடவையும் சொல்லி வசனத்தையும் இழுத்துப் பேசினார். "யாரு?" என்று கேட்டது. குரலை மெலிதாக்கிப் பெண் மாதிரிக் கேட்கிறான் பயல் என்று எண்ணி, "வலேர் ஒங்கேனே, சாம்பாக் குன்றின் மிகச் சிறந்த டைல்ஸ்காரன்" என்றார். தானே சிரித்தார்.

அப்போதுதான் சக்கரி தலையில் சிமென்ட் மூட்டையோடு பெரிய கதவு வழியாக உள்ளே வந்தான்.

இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாத நேரம் அது. நேற்று ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் அவருடைய கல்யாணத்துக்கான முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் கல்யாணம் என்றால் அங்கே யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். முதலில் குடித்தனம், பிறகு பிள்ளைகள், பிறகு வீட்டுக்குக் கூரை, முழங்கால் தேய்ந்தபின் கோயில் கல்யாணம் என்பதுதான் ஊரில் பாதிப் பேருடைய வரிசை. பெலாஜி அவரோடு முப்பத்தொரு வருடமாக வாழ்கிறாள். மூத்தவள் தெரேஸோடு மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள், முச்சந்தியில் சுட்ட மீன் கடை. அவள் கரி அடுப்பை விசிறினால் மூன்று தெருவுக்கு அவள் தும்மல் கேட்கும். குறை ஒன்றுதான். கோயில் கல்யாணம் ஆகாதவளுக்கு நன்மை, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், கிடையாது. முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு பூசையிலும் நன்மை வாங்க வரிசை எழும்போது பெலாஜி மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பாள். தாண்டிப்போகிற ஒவ்வொரு பாவாடையும் அவள் முட்டியில் உரசிக்கொண்டுதான் போகும். வேண்டுமென்றே.

"சாகறதுக்குள்ள ஒரு தடவை என் நாக்குல அது படணும், தெரேஸ் அப்பா" என்று அவள் போன வருடம் சொன்னாள், மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே. "அப்புறம் நீ எக்கேடோ கெட்டுப் போ."

எனவே ஓலை. மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமக்கள் பெயரைச் சபையில் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். முதல் ஓலையை பர்னபே சாமியார் வாசித்து முடித்துச் சபையைப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. இடப்பக்கச் சுவரில் சத்தம் வந்தது. ஈர மண்ணில் உள்ளங்கை விழுகிற சத்தம். மெதுவாக, ஒரே ஒரு தடவை. வலேர் கழுத்தைத் திருப்பினார். அவரைத் தவிர அந்தக் கோயிலில் நானூறு தலைகளில் ஒன்றும் திரும்பவில்லை.

அந்த வாரம் அடைமழை. மதியம் இரண்டு மணிக்கு வானம் கவிழ்ந்து, குன்றின் சிவப்பு மண் கரைந்து தெருவெல்லாம் ரத்தச் சாறுபோல ஓடும். கோயிலுக்குள் நின்று ஒட்டும்போது மழைக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மண்ணை மிதிக்கும் சத்தம். பல கால்கள். மழை நின்றதும் நிற்கும், மழை தொடங்கினால் தொடங்கும். ஏழாவது வரிசை டைல்ஸை அவர் ஒட்டிக்கொண்டே இருந்தார், அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கை முன்னைவிட ஆழமில்லாமல் இருந்தது. குழியாக இருந்த உள்ளங்கை மட்டத்துக்கு வந்தது. புதன்கிழமை, மட்டத்துக்கு மேலே வந்தது.

வீட்டில் பெலாஜி தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரோ என்னைக் கல்லு சொமக்க விட்ட மாதிரி வலிக்குது."

"மீன் கூடை சொமந்தா வலிக்காதா."

"இருவது வருஷமாச் சொமக்கறேன், எந்தக் கூடை எனக்குப் புதுசு?" அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். நகக்கண்ணில் சிவப்பு. "மண்ணைத் தொடவே இல்லை. கழுவறேன், கழுவறேன், திரும்ப வருது. கல்யாணத்துக்குள்ள போயிடணும். அந்தக் கோயில் சங்கத்துப் பொம்பளைங்க என் கையைத்தான் பாப்பாளுங்க."

அன்று மாலை கொல்லைப்புறம் மரவள்ளி மாவைப் பிசைந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மாவை நாலு பக்கமும் தட்டிச் சதுரமாக்கினாள். மேல்பக்கத்தை மணிக்கட்டால் வழித்து மட்டம் செய்தாள். நடுவில் கையைப் பதித்தாள். பிறகு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தாள்.

வலேர் கதவுக்குப் பின்னால் நின்றார்.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் அவர் கோயிலைத் துடைத்துப் பூட்டும் கோயில்பிள்ளை ஃபிரிதோலினிடம் போனார். ஃபிரிதோலின் அறுபது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. தீர்த்தம் தெளித்தாலே வினிகராகிவிடும் முகம். பெரிய மெழுகுவர்த்தித் தண்டைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"கை வச்சியா."

"வச்சேன்."

"பேரு சொன்னியா."

"வெளையாட்டுக்கு."

"மூணு தடவையுமா வெளையாட்டுக்கு?" துணியை உதறினான். "உன் பேரைக் கேட்டிருப்பா. அதையும் சொல்லியிருப்ப. உன் வாய்தான் சும்மா கெடக்காதே."

"யாரு அவ?"

"கூட்டிட்டுப் போக ஆள் வராதவ. மழையில காய்ச்சல் கண்டு கொட்டடியிலேயே செத்தா. எத்தனையோ பேர்ல ஒருத்தி. யாரு கணக்கு வச்சா."

"நான் என்ன செய்யணும்?"

"கூப்பிட்டல்ல, கூட்டிட்டுப் போ." அவன் இப்போது நிமிர்ந்தான். கண்ணில் ஒரு சந்தோஷம் இருந்தது. "ஆனா சிக்ஸாச் சட்டம் தெரியுமில்ல? ஒருத்தியைக் கூட்டிட்டுப் போறவன் அந்த எடத்துக்கு இன்னொருத்தியைக் கொண்டாந்து விடணும். தங்கச்சியோ, அக்கா மகளோ. வேலைக்குக் கை கொறயக் கூடாது. என் பெரியப்பன் அங்க காவல் நின்னவன், எனக்கா தெரியாது."

"நான் யாரையும் கொண்டாந்து விடலியே."

"அப்படியா. ஓலையில உன் பேரோட யாரு பேரை வாசிக்கறாரு சாமியாரு?"

வெளியே மழை தொடங்கியது. சுவருக்குள் கால்கள் தொடங்கின.

"மூணாவது ஓலையில எந்திரிச்சு நில்லு" என்றான் ஃபிரிதோலின். "தடை இருக்கு, இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லு. மாப்பிள்ளையே இல்லேன்னா அவ எதுக்கு வெளிய வரா."

"முப்பத்தொரு வருஷமாக் காத்திருக்கா பெலாஜி. சபை நடுவுல அப்படிச் சொன்னா அவ செத்துடுவா."

"வீட்டுல சாவா" என்றான் ஃபிரிதோலின், மறுபடி துடைக்க ஆரம்பித்து. "அது பரவாயில்லை."

ஆறு நாள் வலேர் அந்த வாக்கியத்தை வாய்க்குள் பழகினார். எனக்குத் தடை இருக்கிறது. பசை குழைக்கும்போது சொன்னார். ஷேர் டாக்சியில் நாலு பேர் மடியில் நசுங்கிக்கொண்டு சொன்னார். பக்கத்து அம்மாள் முழங்கையால் இடித்து, "உன் தடையை அந்தப் பக்கம் வச்சுக்க" என்றாள். பெலாஜி இளைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோலக் கேட்டது, பக்கத்தில் நின்று பேசினாலும். தலைமுடியில் சுட்ட மீன் வாசனை போய், மழை விழுந்த களிமண் வாசனை ஏறியிருந்தது.

மூன்றாம் ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. பெலாஜி அவருடைய முழங்காலின் மேல் கையை வைத்திருந்தாள், கொப்புளம் மறைக்க வெள்ளைக் கையுறை போட்டு. பாலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியங்கள் ஓய்ந்தன. பர்னபே சாமியார் தாளை விரித்தார். வலேர் ஒங்கேனே. பெலாஜி அசீகா. மூன்றாம் முறை, கடைசி முறை. தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பீடத்தின் ஓரத்திலிருந்து ஃபிரிதோலின் அவரையே பார்த்தான்.

வலேர் எழுந்தார். பாதி எழுந்தார். முழங்கால் நிமிர்ந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, முன் பெஞ்சுத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெலாஜி அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கல்யாணப் பெருமை தாங்காமல் ஆள் எழுந்துவிட்டார் என்று நினைத்தாள் அவள். வெட்கச் சிரிப்பு. முப்பத்தொரு வருடத்தில் அவர் பார்த்தேயிராத சிரிப்பு.

"ஒக்காரு, தெரேஸ் அப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

அவர் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை ஏழாவது வரிசை டைல்ஸ் நின்றது. சக்கரி ஒட்டினான், ஒரே தடவையில். அடியில் இருந்த செங்கல் உலர்ந்திருந்தது. அதில் கை இல்லை. வழுவழுவென்றிருந்தது, பெயரும் இல்லாமல்.

"பாத்தியா" என்றான் சக்கரி. "உன் கைதான் ஆகாத கை."

வீட்டில் பெலாஜியின் தோள்வலி நின்றிருந்தது. கொப்புளங்கள் ஆறியிருந்தன. வலேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கேன், ஐயா" என்றாள்.

ஐயா. அந்த வார்த்தை பெலாஜியின் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. போலீஸ்காரனையே அவள் "ஏய் தொப்பி" என்றுதான் கூப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயில் மணி அடித்தால் எங்கே இருந்தாலும் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரை ஒட்டி நின்றாள். பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெயரும் சொல்லி அழைக்கவில்லை. சின்னவன் அவள் மடியில் ஏறப்போய், பாதியில் நின்று, அலறி, அம்மாவிடம் ஓடினான்.

புதன்கிழமை வலேர் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். பட்டப்பகல். ஆளில்லை. சுவர் முழுவதும் வெள்ளை. ஒரு செங்கல் இல்லை, ஒரு கை இல்லை, சக்கரி ஒட்டிய ஒன்று தவிர எல்லாவற்றையும் அவரே மூடியிருந்தார். காதை வைத்தார். ஜில்லென்ற பீங்கான். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், கால்கள் மண் மிதித்தன. அதற்கு நடுவில் ஒரு தும்மல். மூன்று தெருவுக்குக் கேட்கிற தும்மல்.

"பெலாஜி."

உளியை வைத்து அடித்தார். டைல்ஸ் பெயரவில்லை. அடுத்தது. பெயரவில்லை. அத்தனை நன்றாக ஒட்டியிருந்தார். உளி மழுங்கும்வரை அடித்தார். கை வைத்துக் கூப்பிடலாம் என்றால் வைக்க ஒரு கை வேண்டுமே. பீங்கானில் அவர் உள்ளங்கை வழுக்கிக்கொண்டே போனது. ஒரு மூலைகூட உடையவில்லை. ஃபிரிதோலின் வாசலில் நின்று, சாவிக்கொத்தை ஆட்டி, கோயில் பூட்டும் நேரம் என்றான்.

சனிக்கிழமை. பதினோரு மணி. இடி குமுறியது. மழை வரவில்லை.

சங்கத்துப் பெண்கள் ஒரே துணியில் தைத்த பாவாடைகளோடு இருபுறமும் நின்று குலவையிட்டார்கள். மணப்பெண் வந்தாள். முக்காடு முழங்கால்வரை. கவுன் தரையில் இரண்டு சாண் புரண்டது. தையல்காரன் அளவெடுத்தபோது புரளவில்லை. யாரும் அதைப் பேசவில்லை. இளைத்துவிட்டாள், அழகாக இளைத்துவிட்டாள் என்றார்கள்.

கை அவர் கைக்குள் வந்தது. சின்னது. ஈரம்.

பர்னபே சாமியார் கேட்டார். சம்மதமா.

இல்லை என்று சொல்லத்தான் வலேர் வாயைத் திறந்தார். அந்தக் கை இறுகியது. கல் சுமந்த கை. விரலெலும்பு ஒன்றோடொன்று உரசியது.

"சம்மதம்" என்றார்.

குலவை. பாலஃபோன். கைதட்டல்.

நன்மை நேரம். மணமக்களுக்குத்தான் முதலில். முப்பத்தொரு வருடமாக முட்டியில் உரசிப்போன பாவாடைகள் எல்லாம் இன்று வழிவிட்டு நின்றன. சில கண்கள் நனைந்தன. பாவம் பெலாஜி, கடைசியில், என்றது ஒரு குரல்.

அவள் முக்காட்டை மூக்குவரை தூக்கினாள். வாயைத் திறந்தாள்.

பக்கத்தில் நின்ற வலேர் பார்த்தார்.

நாக்கு இல்லை. வாய் நிறைய மண். சிவப்பு மண், ஈரமாக, பல்வரிசை வரை அமுக்கி, மேலே மணிக்கட்டால் வழித்து மட்டம் செய்தது.

சாமியார் புன்னகையோடு குனிந்தார். வெள்ளை அப்பத்தை அந்த மண்ணின் மேல் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. வாய் மூடியது.

வெள்ளைச் சுவருக்குப் பின்னால், மண்ணில் ஓர் உள்ளங்கை விழுந்தது. பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று. மண் வேலை பழகாத கை. வயதான கை. மூச்சு வாங்க வாங்க.

சாமியார் அடுத்த அப்பத்தை எடுத்துக்கொண்டு வலேரின் பக்கம் திரும்பினார். வலேருடைய வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.